மேஜை மேல் ஒரு மைல் ரயில் பாதை

விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தார். மேஜையின் விளிம்பில் கன்னத்தை ஒட்டவைத்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்திருந்த கண் ஒரு சின்னஞ்சிறு வீட்டின் வாசலுக்கு நேராக இருந்தது. அந்த வீடு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதைச் செய்தவன் நான்.

"ரயிலைக் கொஞ்சம் நகர்த்துங்கள்" என்றார்.

மேஜைக்கு அடியில் இருந்த கைப்பிடியைச் சுற்றினேன். தகர ரயில் கண்மாய்க் கரைக்குப் பின்னால் மெதுவாகப் போயிற்று. வெளியே ஐப்பசி மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அறையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தோம்.

"தெரிகிறது" என்றார் அதிகாரி, நிமிராமலே. "நன்றாகத் தெரிகிறது."

சுவரோரமாக நின்றிருந்த ரயில்வே கேட்காரர் கருப்பையா அப்போது என்னைப் பார்த்தார்.

இந்தத் தொடரில் இதுவரை என் சாமர்த்தியங்களைத்தான் எழுதி வந்திருக்கிறேன். பாலம் அளந்தது, காட்டில் வழி தவறி வந்தது, துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது என்று ஒன்றுவிடாமல் எழுதியாயிற்று. போன வாரம் ஒரு வாசகர் தபால் கார்டில் கேட்டிருந்தார்: "ஐயா, உங்கள் வாழ்க்கையில் தாங்கள் தப்பே செய்ததில்லையா?" குத்தலாகத்தான் கேட்டிருக்கிறார். இருந்தாலும் கார்டைக் கிழிக்க மனம் வரவில்லை.

இதை எழுத உட்காரவே அலுப்பாக இருந்தது. நாலு நாள் தள்ளிப்போட்டேன். முழங்கால் வலி என்றேன், மசி சரியில்லை என்றேன். "எழுதித் தொலைங்க. இல்லாட்டி எழுதலைன்னு ஆசிரியருக்குக் கடுதாசி போட்டுட்டுத் தூங்குங்க" என்றாள் மனைவி. தூக்கம் வந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?

பூசணிக்காய்க்குப் போட்டி

அப்போது நான் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து மராமத்து இலாகாவில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். தற்காலிக வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உத்தரவைப் புதுப்பிப்பார்கள். நாலு வருஷமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. உத்தரவு வரும் வாரம் மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாமனார் வரும்போதெல்லாம், "மாப்பிள்ளைக்குக் காயமாயிருச்சா?" என்று கேட்பார். வேலை நிரந்தரம் ஆவதை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

எங்கள் எஞ்சினியர் நல்ல மனிதர். ஆனால் அடுத்த இலாகாக்காரர் பெயர் வாங்கினால் அவருக்கு வயிறு எரியும். தசரா சமயத்தில் நடக்கும் பொருட்காட்சியில் விவசாய இலாகா ஆளுயரத்துக்குப் பூசணிக்காய் அடுக்கும். ஜெயிலிலிருந்து ஜமக்காளம் வரும். நாங்கள் வருஷா வருஷம் ரோடு ரோலரைக் கழுவிக் கொண்டுபோய் நிறுத்துவோம். ரோலரை யார் பார்ப்பார்கள்? ரோட்டிலேயே பார்க்கிறார்கள்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "ராமலிங்கம், நம்ம ஊருக்கு ரயில் வந்து இன்னும் பத்து வருஷம்கூட ஆகலை. ஜனங்களுக்கு ரயில்னா இன்னும் ஆசை தீரலை. நார்த்தாமலைப் பக்கத்து லைனை ஒரு மைல் நீளத்துக்கு அப்படியே மேஜை மேலே எறக்கணும். குன்று, கண்மாய், கேட்டு, பனைமரம் எல்லாம் இருக்கணும். அளவு பிசகக் கூடாது."

"சரிங்க சார்" என்றேன்.

"நல்லா வந்தா ஒன் வேலையைப் பத்தி மேலே எழுதுறேன்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவர் இமயமலையைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

காதால் பார்க்கிறவர்

சித்திரை, வைகாசி முழுக்க அளந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். சைக்கிளின் பின்னால் சர்வே சங்கிலி, அளவுகோல், தோளில் தண்ணீர்க் கூஜா. அந்தப் பக்கத்து வெயில் பாறையில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மத்தியானம் ஆனால் கண்ணுக்குள் பூச்சி பறக்கும். இருபத்தாறு வயதில் அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது நினைத்தாலே நாக்கு வறள்கிறது.

சமஸ்தானத்து நிலப்படம் ஒன்று ஆபீஸில் இருந்தது. அதைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே செய்திருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். எனக்கு அப்போது வேலையில் ஒரு திமிர் இருந்தது. என் கண்ணால் பார்த்து, என் கோலால் அளக்காத எதையும் காகிதத்தில் ஏற்ற மாட்டேன். தந்திக் கம்பங்களை எண்ணினேன். பனைமரங்களை எண்ணினேன். தலை முறிந்த பனை ஒன்று இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

லைன் அங்கே குன்றை விட்டு இறங்கி, ஒரு பெரிய கண்மாயின் கரைக்குப் பின்னால் வளைந்து வந்து, குளத்தூர்ப் பக்கம் போகும் ஒரு வண்டிப் பாதையைக் குறுக்கே கடக்கும். அந்த இடத்தில் கேட். கேட்டை ஒட்டி ஓர் அறை உள்ள வீடு. அதில் கருப்பையா, அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கூரை மேல் சுரைக்கொடி ஏறியிருக்கும்.

நான் வெயிலுக்கு ஒதுங்கப் போய்த்தான் பழக்கம் ஏற்பட்டது. அந்த அம்மாள் கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும் கொடுப்பார். ஓய்வு நேரத்தில் கருப்பையா சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் சொன்னேன். சர்க்கார் ஆபீஸில் இருப்பவன், சட்டை போட்டவன். அப்போது அப்படித்தான் பேசினோம். அவர் என்னை ஒருநாளும் 'வாங்க போங்க' இல்லாமல் பேசியதில்லை.

"அங்கிட்டு இன்னும் ரெண்டு எட்டு தள்ளி நிக்கவாங்க?" என்று கேட்பார். நிற்பார். கோலை இம்மிகூடச் சாய்க்காமல் பிடிப்பார். சம்பளத்துக்கு இருந்த ஆட்கள்கூட அப்படிப் பிடித்ததில்லை.

கண்மாய்க் கரையின் உயரத்தை அளந்த அன்று, கரை மேல் கோலை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இந்தக் கரைதாங்க எனக்குச் சத்துரு. வண்டி அங்கிட்டு வாரது கண்ணுக்கே தெரியாது. கரையைத் தாண்டி வெளிய வந்தா, மறு நிமிசம் கேட்டுல நிக்கும்."

"அப்புறம் எப்படிக் கேட்டை மூடுறே?"

"டயத்துக்கு வார வண்டின்னா தெரியும். வேற எஞ்சின் வந்தா ஸ்டேசன்லருந்து ஆள் சொல்லிவிடுவாங்க. அதுவும் இல்லைன்னா காதாலதான் பார்க்கணும். தரையில காதை வச்சாக் கேக்கும். காத்து மாறி அடிச்சா அதுவும் கேக்காது."

நான் சிரித்துக்கொண்டே உயரத்தை நோட்டில் எழுதினேன்.

மனுக்களால் ஆன மலை

ஆபீஸுக்குப் பின்னால் இருந்த நீளமான கூடத்தை ஒழித்துக் கொடுத்தார்கள். தச்சர் சுப்பையா ஆசாரியை எனக்கு உதவியாகப் போட்டார்கள். அங்குலத்துக்கு இருபது அடி என்று கணக்கு. மேஜை மட்டும் இருபத்திரண்டு அடிக்கு மேல் நீளம். மூன்று துண்டாகச் செய்து கூட்டினோம்.

குன்றுகளைக் காகிதக் கூழில் செய்தேன். வீடுகளில் காகிதக் கூடை செய்யும்போது வெந்தயம் அரைத்துப் போடுவார்களே, அதே பக்குவம்தான். பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். காகிதத்துக்கு எங்கே போவது? ரிக்கார்டு அறையில் காலம் கடந்த கோப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. எல்லாம் ஜனங்கள் கொடுத்த மனுக்கள். வாய்க்கால் வெட்டித் தர வேண்டும், கிணறு தோண்டித் தர வேண்டும், பாலம் போட்டுத் தர வேண்டும். அவற்றை அண்டாவில் ஊறவைத்து மிதித்து மலை ஆக்கினோம். மனுக்களுக்கு ஒரு பலன் உண்டாயிற்று என்று ஆசாரி சொன்னார்.

நாலு மாதம் என் கையில் வெந்தய வாசனை போகவில்லை. "நீங்க சோறு பெசஞ்சா எல்லாக் குழம்பும் வெந்தயக் குழம்பாயிருது" என்பாள் மனைவி.

தண்டவாளத்துக்குப் பித்தளைக் கம்பி. அதற்கு அடியில் குறுக்குக் கட்டைகள், தென்னை ஈர்க்கில் நறுக்கியது. ஆயிரக்கணக்கில் நறுக்கி ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஒட்ட ஒட்டக் கண் மங்கும். கழுத்து பிடித்துக்கொள்ளும். கண்மாய்த் தண்ணீருக்குக் கண்ணாடியை அடிப்பக்கம் பச்சையும் நீலமும் பூசிப் பதித்தேன். ரயில் பிஸ்கட் டின் தகரம். மெழுகு தேய்த்த நூல் ஒன்று பாதைக்கு அடியில் ஓடும். பழைய தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்றினால் நூல் இழுக்கும், ரயில் போகும்.

தலை முறிந்த பனையையும் வைத்தேன். கேட்டை ஒட்டி அந்த வீடு, கூரை மேல் பச்சை நூலில் சுரைக்கொடி. எங்கே எதை வைத்தாலும் நோட்டைப் பார்த்தே வைத்தேன். கரையையும் களிமண்ணில் நோட்டில் இருந்த உயரத்துக்கே எழுப்பினேன். அதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். முதலில் சரியாகத்தான் இருந்தது.

உளி

பொருட்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகை பார்த்தோம். நான் சக்கரத்தைச் சுற்றினேன். ஜனங்கள் நிற்கப்போகும் பக்கத்தில், கயிறு கட்டும் இடத்தில் ஆசாரி நின்றார். ரயில் குன்றிலிருந்து இறங்கிற்று, வளைந்தது, கரைக்குப் பின்னால் போயிற்று. போனது போனதுதான். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"என்னங்கய்யா, வண்டி கண்மாய்க்குள்ள எறங்கிருச்சா?" என்றார் ஆசாரி.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். பாதையில் நாலில் ஒரு பங்குக்கு ரயிலே கண்ணில் படவில்லை. புகைபோக்கிகூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எஞ்சினியரும் வந்து பார்த்தார். "ஏய்யா, பெரிய மனுஷங்க எல்லாம் வருவாங்க. கரையைப் பார்க்கவா வாராங்க?" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கரையை வெட்டு என்று அவர் சொல்லவில்லை. அவர் மேல் பழி போடப் பல வருஷம் முயன்று பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

ஆசாரியின் உளியை வாங்கி, கரையைப் பாதிக்கு மேல் சீவினேன். மறுபடி சுற்றிப் பார்த்தோம். ரயில் பெட்டிகளின் ஜன்னல் வரிசை கரைக்கு மேலே அழகாகத் தெரிந்துகொண்டு போயிற்று.

"இவ்வளவு தாழ கரை போட்டா ஐப்பசியில ஒடச்சுக்கிருமே" என்றார் ஆசாரி, வேடிக்கையாக.

"கண்ணாடித் தண்ணி, ஒடையாது" என்றேன் நானும் வேடிக்கையாக.

பொருட்காட்சியில் பூசணிக்காய்ப் பக்கம் ஈ கூட இல்லை. எல்லாக் கூட்டமும் எங்களிடம்தான். நார்த்தாமலைப் பக்கத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து தங்கள் வயலைத் தேடினார்கள். மாரியம்மன் கோயிலை அடையாளத்துக்கு ஓர் ஓரமாக வைத்திருந்தேன். அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் தினம் சாயங்காலம் வந்து கோயில் மேல் ஒரு செவ்வரளியை எறிவார். அது பாதையில் விழுந்து ரயில் கவிழும். நான் எடுத்து நிறுத்துவேன். திட்ட முடியுமா? அம்மனுக்குப் போட்ட பூ.

வருகிறவர்களிடமெல்லாம் எஞ்சினியர், "அளவு இம்மி பிசகாது. நேரே போய்ச் சங்கிலி பிடிச்சு அளந்தது" என்று சொல்வார். பக்கத்தில் நின்று நான் தலையாட்டுவேன். நூறு தடவை தலையாட்டியிருப்பேன். பத்தாவது தடவைக்கு மேல் அது பொய் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

ஐப்பசி

பொருட்காட்சி முடிந்து மேஜை ஆபீஸ் கூடத்துக்கே திரும்பி வந்தது. ஒரு மாதம் ஆவதற்குள் அந்தக் கேட்டில் விபத்து நடந்துவிட்டது.

கீரனூர்ப் பக்கமிருந்து பெட்டிகள் இல்லாமல் தனி எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது. அட்டவணையில் இல்லாத வண்டி. கேட் திறந்திருந்தது. கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பாதை மேல் நின்றது. ஒரு மாடு செத்துப்போயிற்று. வண்டிக்காரருக்கு இடுப்பில் அடி. பிழைத்துக்கொண்டார், ஆனால் பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை.

தகவல் சொல்லி அனுப்பினோம் என்றார்கள் ஸ்டேஷனில். வரவே இல்லை என்றார் கருப்பையா. சொன்னதற்கும் சாட்சி இல்லை, சொல்லாததற்கும் சாட்சி இல்லை. ரயில் கம்பெனியிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். நல்ல தமிழ் பேசும் மனிதர், கண்டிப்பானவர், ஆனால் வன்மம் இல்லாதவர். அவர் வந்த அன்று பிடித்த மழை விடவில்லை. டிராலியில் போய் இடத்தைப் பார்ப்பதாக இருந்தார். அவருக்கோ கடுமையான ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார்.

எங்கள் எஞ்சினியருக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. "இந்த மழையிலே அங்கே எதுக்கு? அந்த இடமே எங்க ஆபீஸ்லே இருக்கே" என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெருமை அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது.

கருப்பையாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பொருட்காட்சிக்கு அவரால் வர முடியவில்லை. கேட்டை விட்டு நகர முடியாதே. அன்றுதான் முதல்முறையாக அதைப் பார்க்கிறார். மேஜையைச் சுற்றி மெதுவாக நடந்தார். கேட் வீட்டின் அருகே வந்ததும் நின்றார்.

"சொரக்கொடிகூட வச்சிருக்கீங்களே" என்றார். அந்த நிலைமையிலும் அவர் முகம் மலர்ந்தது.

அதிகாரி கேட்டார்: "இது உன் இடம்தானா? சரியா இருக்கா, பார்த்துச் சொல்லு."

கருப்பையாவின் கண் வீட்டிலிருந்து பாதைக்குப் போயிற்று. பாதையிலிருந்து கரைக்குப் போயிற்று. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்படியே அச்சா இருக்குங்க."

"அளவு?" என்றார் அதிகாரி.

"இம்மி பிசகாது" என்று எஞ்சினியர் முந்திக்கொண்டார்.

"நான் செய்தவரைக் கேட்கிறேன்."

"சரியான அளவுதான் சார்" என்றேன்.

வாயிலிருந்து அது வந்த பிறகுதான் கரை ஞாபகம் வந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. நானே சில நாள் நம்புகிறேன், சில நாள் நம்புவதில்லை.

அப்புறம்தான் அவர் கண்ணாடியைக் கழற்றியது, குனிந்தது, ஒற்றைக் கண்ணை மூடியது, எல்லாம். நான் சுற்றினேன். ஜன்னல் வரிசைக்காக நான் சீவிய கரைக்கு மேலே எஞ்சின் பளிச்சென்று போயிற்று.

அதிகாரி நிமிர்ந்து கருப்பையாவைக் கேட்டார்: "தகவல் வந்ததோ வரலையோ, அதை விடு. கரை மறைச்சதுன்னு வாக்குமூலத்திலே சொல்லியிருக்கே. இதோ நல்லாத் தெரியுதே. தெரிஞ்சும் நீ பார்க்கலை, அப்படித்தானே?"

கருப்பையா என் பக்கம் திரும்பினார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக அல்ல. கோலைப் பிடித்துக்கொண்டு, நான் அளவைப் படித்து முடிக்கும்வரை பார்ப்பாரே, அப்படி.

ஒரு வார்த்தை போதும். 'சார், அந்தக் கரை மட்டும்' என்று ஆரம்பித்தால் போதும். எஞ்சினியரின் முகத்தைப் பார்த்தேன். மேலே போகவேண்டிய என் காகிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அவர் நூறு பேரிடம் இம்மி பிசகாது என்று சொன்னவர். நான் குனிந்து, மாட்டிக்கொண்ட நூலைச் சரிசெய்வதுபோல மேஜைக்கு அடியில் போய்விட்டேன். நூல் மாட்டிக்கொள்ளவே இல்லை.

அங்கே இருந்தபடியே கேட்டேன். அதிகாரி எழுத்தரிடம் இரண்டு மூன்று வரி சொன்னார். பேனா கீறிற்று. கருப்பையாவைப் போகச் சொன்னார்கள்.

திருக்கோகர்ணம்

பத்து நாளில் அவருக்கு வேலை போயிற்று. வேலை போனால் கேட் வீடும் போயிற்று. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரம் ஆன உத்தரவு வந்தது. மாமனார் ஒரு தார் பழத்தோடு வந்தார். அன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எஞ்சினியரிடம் சொல்லிவிடுவது என்று மூன்று தடவை அவர் அறைக்குப் போனேன். ஒரு தடவை சுண்ணாம்பு வாங்குவதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். ஒரு தடவை லீவு கேட்டேன். மூன்றாவது தடவை, "என்னய்யா?" என்று அவர் நிமிர்ந்ததும், "ஒண்ணுமில்லீங்க சார்" என்று திரும்பிவிட்டேன்.

மழைக்காலம் போய், பனி போய், மறுபடி வெயில் வந்தபோது ஆசாரிதான் சொன்னார். "அந்தக் கேட்டுக்காரரு திருக்கோகர்ணத்துல வெறகுக் கடையில இருக்காரு, தெரியுங்களா?"

திருக்கோகர்ணம் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அவர் எங்கேயோ கண்காணாத ஊருக்குப் போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கோயிலைத் தாண்டி, வேலி அடைத்த ஒரு விறகுக் கடை. கருப்பையா புளியங்கட்டை ஒன்றைப் பிளந்துகொண்டிருந்தார். கேட்டில் கொடி பிடித்தே பழகிய கை. கோடாலி பிடித்த இடமெல்லாம் கொப்புளம் உடைந்து காய்த்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க. வெறகு வேணுங்களா?"

"இல்லை." எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "நல்லா இருக்கீங்களா?"

அன்றைக்குத்தான் முதல்முறையாக 'நீங்க' என்று வாயில் வந்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இருக்கேங்க. அது கூலி வேலைக்குப் போகுது. புள்ளைங்க ஆத்தா வீட்டுல இருக்கு" என்றார். அது என்றது மனைவியை.

"கருப்பையா, அந்தக் கண்மாய்க் கரையை நான்தான் சீவிட்டேன். ரயில் தெரியணும்னு. பொருட்காட்சிக்காக."

"தெரியுங்க."

"எப்பத் தெரியும்?"

"பார்த்த ஒடனேயே தெரியுங்க. எட்டு வருசம் அந்தக் கரையைத்தானே பார்த்துக்கிட்டுக் கெடந்தேன்."

"அப்புறம் ஏன் சரியா இருக்குன்னு சொன்னீங்க?" என் குரலில் கோபம் இருந்தது. யார் யாரைக் கோபிப்பது என்று ஒரு முறை இல்லையா? ஆனால் இருந்தது.

அவர் பிளந்த விறகை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டே சொன்னார். "ஒருத்தரு புது வீடு கட்டிக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுனா, நல்ல வார்த்தைதானே சொல்லணும். நெலை கோணலா இருந்தாலும் சொல்லுவோமா? எம்புட்டு நாள் ஒக்காந்து செஞ்சிருப்பீங்க. அத்தனை பெரியவுங்க நிக்கையில ஒங்க வேலையை நொட்டை சொல்ல வாய் வரலைங்க. அவரு குனிஞ்சு பார்த்தப்பதான், அந்த ஒரு வார்த்தை என்னைய எங்க கொண்டாந்து விட்டிருச்சுன்னு புரிஞ்சுது."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சரியா இருக்குன்னு சொன்ன வாயாலேயே இல்லைன்னா, தப்பிக்கப் பாக்குறான்னுதானே நெனைப்பாங்க. கேட்டுக்காரன் பேச்சு எடுபடுங்களா?" கட்டையைக் காலால் புரட்டி நிறுத்தினார். கோடாலியை எடுத்தார். "ஒங்க பேச்சு எடுபடும். ஒங்க நோட்டுல அளவு இருக்கு. நீங்க சொல்லுவீங்கன்னுதாங்க இருந்தேன்."

மறுபடி கட்டையைப் பிளக்க ஆரம்பித்தார். நான் வீட்டுக்கு வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

இப்போது அந்த அதிகாரி இல்லை, எஞ்சினியர் இல்லை, ஆசாரி இல்லை. கருப்பையாவும் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கேட்க ஒருவரும் மிச்சம் இல்லாதபோது சொல்வதில் தைரியம் ஒன்றும் கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் விசாரணையில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அந்தக் கண்மாய்க் கரை ரயில் பாதையிலிருந்து பதினாறு அடி உயரம். கேட் வீட்டு வாசலில் நின்று பார்த்தால், வருகிற வண்டி தெரியாது.